பள்ளி வாசலில் சாலை அகலமாகும்போது: செட்டிநாட்டு ஊர்களுக்கான வேலை வரிசை

சாலை அகலப்படுத்தும் வேலை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. மரத்தை எடுப்பார்கள், கம்பத்தை மாற்றுவார்கள், ஓரத்தைத் தோண்டுவார்கள், ஜல்லி கொட்டித் தார் போடுவார்கள். நடைபாதை கடைசியில் வரும், அதுவும் பணமும் நாளும் மிஞ்சினால். பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பிள்ளைகள் நடக்கும் பாதை முதலில், தார் கடைசியில். அதை எப்படிச் செய்து முடிப்பது என்பதை இங்கே எழுதியிருக்கிறோம். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் புதிதாகப் பொறுப்பேற்கும் உதவிப் பொறியாளர், ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், வார்டு கவுன்சிலர் எல்லோருக்கும் பொருந்தும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 7 மீட்டர் சாலையை 10 மீட்டர் ஆக்குகிறோம் என்று வையுங்கள். சிறு பிள்ளை நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் நடக்கும். முன்பு கடக்க 7 நொடி, இப்போது 10 நொடி. 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 14 மீட்டர் ஓடும். ஆக, முன்பு 100 மீட்டர் தூரத்துக்கு வண்டி இல்லையென்றால் கடந்துவிடலாம், இப்போது 140 மீட்டர் வேண்டும். அகலமும் வழவழப்பும் கூடியதும் அதே ஓட்டுநர் 70 கி.மீ. வேகத்தில் வருவார். அப்போது 190 மீட்டருக்கு மேல் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையால் அவ்வளவு தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்க முடியாது. சாலை அகலமாவதே பிள்ளைக்கு ஆபத்தைக் கூட்டுகிறது. கூடிய ஆபத்தைக் குறைப்பதும் அதே வேலையின் பங்கு, தனிச் சலுகை அல்ல.

முதல் வாரம்: நின்று பாருங்கள்

வரைபடத்தைக் கையில் எடுக்குமுன் மூன்று நாள் பள்ளி வாசலில் நில்லுங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு சந்தை நாள், ஒரு தேர்வு நாள். காலை 7.30 முதல் 10 மணி வரை, மாலை 3.30 முதல் 6 மணி வரை.

குறிக்க வேண்டியவை: பிள்ளைகள் உண்மையில் எந்த வாசலில் நுழைகிறார்கள், சாலையின் எந்தப் பக்கத்திலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள், வேன், ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் எங்கே நிற்கின்றன, சைக்கிள் எத்தனை. வாசலுக்கு எதிரே மாங்காயும் நெல்லிக்காயும் விற்கும் பாட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் குறியுங்கள். மாலையில் பிள்ளைகள் கூட்டமாக ஓடுவது அங்கேதான். கடக்கும் இடத்தை வரைபடத்துக்கு வசதியான இடத்தில் போட்டால் யாரும் அங்கே போய்க் கடக்கமாட்டார்கள்.

நேர விஷயத்தில் பலரும் தவறுவது ஒன்று. பள்ளி மணி ஒன்பதரைக்கு என்று நோட்டில் எழுதிவிட்டு, எட்டரை வரை டிப்பர் ஓட விடுவார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் எட்டு மணியை ஒட்டியே வந்துவிடுவார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு இருக்கும். தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு வகுப்புக்கும் வரும் நேரம், போகும் நேரம், மதிய இடைவேளை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கனரக வண்டி ஓடாத நேரம் பெரும்பாலும் காலை 7.45 முதல் 9.45 வரை, மாலை 3.30 முதல் 5.30 வரை என்று அமையும். ஒப்பந்தக்காரருக்குப் போகும் கடிதத்தில் இதை எழுத்தில் சேருங்கள். வாய்ப்பேச்சு டிப்பர் ஓட்டுநரிடம் போய்ச் சேராது.

எல்லை, சுவர், கழிப்பறை

புலப்படம் (நில அளவை வரைபடம்), அ பதிவேடு (நில விவரப் பதிவேடு) இரண்டையும் எடுத்துக்கொண்டு நில அளவரோடு அளந்து கல் நடுங்கள். பழைய பள்ளிகளின் சுற்றுச்சுவர் சில அடி சாலைப் புறம்போக்கில் நிற்பதும் உண்டு, சாலை பள்ளி நிலத்துக்குள் நுழைந்திருப்பதும் உண்டு. நிலம் எடுக்க வேண்டியிருந்தால் மாநிலச் சாலைக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் 2001, தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அறக்கட்டளை நடத்தும் நிதியுதவிப் பள்ளியென்றால் தலைமையாசிரியரின் கையெழுத்து போதாது, நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும்.

சுவரை ஒட்டி என்ன இருக்கிறது என்று உள்ளே போய்ப் பாருங்கள். பல பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, ஆழ்குழாய் மூன்றும் சாலை ஓரச் சுவரை ஒட்டியே இருக்கும். சுவர் மூன்று அடி உள்ளே போனால் இவையும் போகும். புதுக் கழிப்பறை கட்டி, தண்ணீர் வந்து, கதவு பூட்டிய பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். சுவரும் அப்படித்தான். புதுச் சுவர் எழும்பாமல் பழையதை இடித்தால், தோண்டிய பள்ளத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நடுவே எதுவும் இருக்காது.

நாள்காட்டி

செட்டிநாட்டில் தோண்டுவதற்கு உகந்த காலம் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை. பள்ளி விடுமுறை, மழையும் குறைவு. ஆனால் மே மாதத்தில் தோண்ட வேண்டுமென்றால், மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் ஏப்ரலுக்குள் இடம் மாறியிருக்க வேண்டும். அதற்கான மதிப்பீடு, கட்டணம், அனுமதி எல்லாம் முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே தொடங்க வேண்டும். மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதிக்கும் நாள் பிடிக்கும். வேலை பிந்துவதற்குப் பெரும்பாலும் ரோலர் காரணமில்லை, ஒரே ஒரு மாறாத டிரான்ஸ்பார்மர்தான். அது பிந்தினால் மே மாதம் கைவிட்டுப் போகும், ஜூனில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பள்ளம் திறந்து கிடக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதற்குள் அடித்தளம் மூடித் தார் ஏறியிருக்க வேண்டும், அல்லது தோண்டவே கூடாது. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. தேர்வு 10 மணி முதல் 1.15 வரை நடக்கும். அந்த நேரத்தில் பிரேக்கர், ரோலர், ஜெனரேட்டர் எதுவும் பள்ளி அருகே ஓடக்கூடாது.

ஊர்த் திருவிழாவையும் சேருங்கள். காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி-பங்குனித் திருவிழாவில் பால்குடம் வரும், கோடையில் கொப்புடையம்மன் செவ்வாய்ப் பெருந்திருவிழா. தைப்பூசத்துக்கு நகரத்தார் பழனிக்கு நடப்பது குன்றக்குடி வழியாக. வெறுங்காலோடு இருட்டில் நடப்பவர்கள் உண்டு, நடந்தே திரும்புபவர்களும் உண்டு. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் அந்தப் பாதையில் சாலையோரம் ஜல்லி இறைந்து கிடக்கக்கூடாது.

தண்ணீர்: இங்கே தவறினால் பிறகு திருத்த முடியாது

செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் மழைநீரைத் தெருவழியாக ஊருணிக்கும் கண்மாய்க்கும் கொண்டுபோனார்கள். வீடுகள் உயரத்தில், தெரு தாழ்வில், வரத்துக்கால் (ஊருணிக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்கால்) அதற்கும் தாழ்வில். சாலை அகலமாகும்போது இந்த மட்டக் கணக்கு இரண்டு வகையில் குலைகிறது. ஒன்று, பழைய சாலையின் மேலேயே தார் ஏற்றி மட்டம் உயர்கிறது. இரண்டு, ஓரத்தில் இருந்த வரத்துக்கால் புது அகலத்துக்குள் புதைந்து போகிறது. முதல் பெருமழையில் பள்ளி மைதானம் குளமாகும், ஊருணி காய்ந்து கிடக்கும்.

இதைத் தடுக்க:

1. பள்ளி முற்றத்தின் மட்டத்தை முதலில் எடுங்கள். முடிந்த சாலையின் ஓர மட்டம் அதைவிடக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். பழைய பரப்பின் மேல் 50 மி.மீ. அடர்தார்க் கலவையும் 40 மி.மீ. மேல்தாரும் போட்டால் 9 செ.மீ. உயரும். ஆகவே அந்த அளவுக்கு பழைய தாரை மில்லிங் செய்து, அதாவது இயந்திரத்தால் சுரண்டி, எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

2. சாலைக் குறுக்குச் சரிவு 2.5 சதவீதம் என்றால், 10 மீட்டர் சாலையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் 12.5 செ.மீ. வித்தியாசம் வரும். இந்தச் சரிவு முழுவதும் பள்ளிப் பக்கம் சாயாமல் இருபுறமும் பிரிய வேண்டும்.

3. ஊருணிக்குப் போகும் ஒவ்வொரு வரத்தும் சாலையைக் கடக்கும் இடத்தை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து குறியுங்கள். சில வரைபடத்தில் இருக்காது. அங்கே சிறுபாலம் வேண்டும். 60 செ.மீ. குழாய் போட்டால் இரண்டு மழைக்குள் பிளாஸ்டிக்கும் சருகும் அடைத்துக்கொள்ளும், உள்ளே ஆள் நுழைந்து எடுக்க முடியாது. 1 மீட்டர் குழாய் அல்லது பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம் போடுங்கள்.

4. வடிகாலை நீர் போய்ச் சேரும் முனையிலிருந்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள். பள்ளி வாசலில் தொடங்கி வெளியேறும் வழி தெரியாமல் நின்றால், அது வகுப்பறைக்கு வெளியே ஒரு கொசுத் தொட்டி.

5. கழிவுநீர் இணைப்பு ஒன்றுகூட மழைநீர் வடிகாலில் சேரக்கூடாது. கடைசியில் போய் விழுவது ஊருணியில்.

வடிகால் தோண்டும்போது பள்ளி எதிரே ஒரே நேரத்தில் 20, 30 மீட்டருக்கு மேல் திறக்க வேண்டாம். திறந்த பகுதிக்கு அடி கான்கிரீட், சுவர், மூடி எல்லாம் முடிந்து அடுத்த பகுதி. மூடிப் பலகைகளை வேறிடத்தில் முன்கூட்டியே வார்த்து, நீராற்றி, தயாராக வையுங்கள். சுவர் முடிந்த பிறகு மூடி வார்க்கத் தொடங்கினால் பள்ளம் வாரக்கணக்கில் வாய் திறந்து நிற்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கத்துக்கு முட்டுப் பலகை கட்டாயம். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். விளிம்பிலேயே குவித்தால் பாரத்தில் பக்கம் சரியும், பிள்ளைகளும் அந்த மேட்டில் ஏறி விளையாடுவார்கள்.

மேல்மூடி ஏறிய வடிகால்தான் பெரும்பாலும் நடைபாதையாகும். இந்திய சாலைப் பேராயத்தின் வழிகாட்டி, தடையில்லாத 1.8 மீட்டர் அகலத்தைக் கேட்கிறது. அந்த அகலத்துக்குள் மின்கம்பமோ போர்டோ நிற்கக்கூடாது. விளிம்புக்கல் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போனால் சின்னப் பிள்ளைகள் ஏறச் சிரமப்பட்டுச் சாலையிலேயே நடப்பார்கள். இந்த நடைபாதை முடிந்து பிள்ளைகள் அதில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் சாலை ஓரத்தைத் தோண்ட வேண்டும். அதற்கு வழியே இல்லையென்றால் 1.5 மீட்டர் அகலத் தற்காலிகப் பாதையை, கிராவல் போட்டு இறுக்கி, தடுப்பு வைத்து அமையுங்கள்.

தடுப்பு

மஞ்சள் கறுப்பு நாடா தடுப்பு ஆகாது. கம்பியில் கட்டிய பச்சை வலையும் ஆகாது, பிள்ளைகள் குனிந்து நுழைந்துவிடுவார்கள். தகரம் அடித்த 1.2 மீட்டர் உயரச் சட்டம், கனமான அடிக்கட்டை, ஒன்றோடொன்று கொக்கியில் மாட்டியது வேண்டும். அடியில் இடைவெளி ஒரு சாணுக்குள். ஆடிக் காற்றில் லேசான தகரம் பறந்து சாலையில் விழும், அதனால் மணல் மூட்டை வையுங்கள். வாசலிலும், சாலை வளையும் இடத்திலும் மட்டும் தகரத்துக்குப் பதில் கம்பிவலைச் சட்டம். ஓட்டுநருக்குப் பிள்ளையும் பிள்ளைக்கு வண்டியும் தெரிய வேண்டும்.

முன்னெச்சரிக்கைப் பலகை குறைந்தது 100 மீட்டர் முன்பே, இரவுக்கு ஒளிரும் பட்டையும் மினுக்கு விளக்கும். பள்ளி நேரத்தில் இரு முனையிலும் கொடி காட்ட ஆள் இருக்க வேண்டும், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடமென்றால் வாக்கிடாக்கி. அந்த வேலைக்கு மாணவர்களை நிறுத்தாதீர்கள். பின்னோக்கி வரும் டிப்பருக்குப் பின்னால் வழிகாட்ட ஓர் ஆள் இல்லாமல் ஓட்டுநர் கியர் போடக்கூடாது. பின்னால் நிற்கும் சிறு பிள்ளை அவர் கண்ணாடியில் தெரியாது.

அகலப்படுத்தும் பட்டை

புதுச் சாலை விரிந்த ஓராண்டுக்குள் பழைய விளிம்பு ஓடும் இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு விழும். சைக்கிள் சக்கரம் அதில் மாட்டும். காரணம் மூன்று.

முதலாவது, பட்டை ஒடுக்கமாக இருப்பது. ஒருபுறம் ஒன்றரை மீட்டர் மட்டும் அகலப்படுத்தினால் ரோலர் உருளையே அதைவிட அகலம். உள்ளே இறங்காமல் பழைய சாலையின் மேல் ஏறி நின்று உருட்டும், புது மண் இறுகாது. ரோலர் இறங்கும் அகலத்துக்குப் பழைய சாலையையும் சேர்த்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் சிறிய ரோலர் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, படி வெட்டாதது. பழைய கரையின் சரிவில் குறைந்தது 30 செ.மீ. அகலப் படிகளாக வெட்டி, அதன்மேல் புது மண்ணைக் கோத்து ஏற்ற வேண்டும். சரிவில் அப்படியே கொட்டினால் வழுக்கி இறங்கும்.

மூன்றாவது, இறுக்கம். ஆய்வகச் சோதனையில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில், அடிமண்ணின் மேல் 50 செ.மீ. 97 சதவீதம், ஜி.எஸ்.பி.யும் (அடிமண்ணுக்கு மேல் போடும், நீர் வடியும் ஜல்லி அடுக்கு) வெட் மிக்ஸும் (அதற்கு மேல் வரும், ஈரத்தோடு கலந்த ஜல்லி அடுக்கு) 98 சதவீதம் இறுக வேண்டும். மணல் மாற்று முறையில் (சிறு குழி எடுத்து, அதில் மணல் நிரப்பி அடர்த்தியை அளப்பது) சோதியுங்கள், பழைய விளிம்பை ஒட்டியே குழி எடுங்கள். நடுவில் எடுத்தால் எப்போதும் தேறும். இந்தச் செம்மண் ஈரம் சரியாக இருந்தால் நன்றாக இறுகும். மே வெயிலில் ஈரம் ஒரு மணி நேரத்தில் போய்விடும், ஆகவே பரப்பியதும் உருட்டுங்கள். தண்ணீரைக் குடிநீர் ஊருணியிலிருந்து எடுக்காதீர்கள்.

தார் அடுக்குகளின் நீளவாட்டு இணைப்பு ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடாது, 15 செ.மீ. விலக வேண்டும். ஜி.எஸ்.பி. அடுக்கின் ஓரம் வடிகால் பக்கம் திறந்திருக்க வேண்டும். அதை வடிகால் சுவர் அடைத்தால் உள்ளே தேங்கும் நீர் தாரைக் கீழிருந்து கிளப்பிவிடும். சுவரில் நீர் கசியும் துளைகள் விடுங்கள்.

பள்ளிப் பக்கம் காலையில் தோண்டிய பட்டையை மாலை மணி அடிக்கும் முன் ஜி.எஸ்.பி. போட்டு நிரப்பும் அளவுக்கே தோண்டுங்கள்.

சுண்ணாம்புச் சுவர்கள்

நூறாண்டுக்கு அருகிலான கட்டடங்களில் நடக்கும் பள்ளிகள் இங்கே உண்டு. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுக் கூரை. அதிர்வு ரோலர் பக்கத்தில் ஓடினால் ஓடு நழுவும், பூச்சு உதிரும், சுவரில் கீறல் விழும். சுமார் 15 மீட்டருக்குள் அதிர்வை நிறுத்திவிடுங்கள். வெட் மிக்ஸை 10 செ.மீ. அடுக்காகப் போட்டால் 8 முதல் 10 டன் சாதாரண உருளை ரோலரே போதும், 20 செ.மீ. அடுக்குக்குத்தான் அதிர்வு தேவை. நாள் கொஞ்சம் கூடும், ஆனால் அந்தச் சுவரைப் பழையபடி பூச இன்று ஆள் கிடைப்பது அரிது. வேலைக்கு முன்பே எல்லாக் கீறல்களையும் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

தூசி, தார்

செம்மண் தூசி வகுப்பறைக்குள் புகுந்தால் இருமலும் மூச்சிரைப்பும் வரும். பிரார்த்தனைக்கு முன், மதிய உணவுக்கு முன், பள்ளி விடுமுன் என்று மூன்று முறையாவது தெளியுங்கள். ஆறாய் ஓடவிட வேண்டாம், சேறாகும். டிப்பருக்குத் தார்ப்பாய் கட்டாயம்.

ப்ரைம் கோட்டை (ஜல்லி அடுக்கின் மேல் தெளிக்கும் முதல் தார்ப்பூச்சு) வெள்ளி மாலை அடியுங்கள். சனி, ஞாயிறு காய்ந்துவிடும். சனிக்கிழமை பள்ளி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திங்கள் காலையில் அடித்தால் எல்லாச் செருப்பிலும் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டும்.

தார்க் கலவையைச் சுமார் 140 டிகிரியில் பரப்பி, 90 டிகிரிக்கு இறங்கும் முன் உருட்டி முடிக்க வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் டிப்பரை நிறுத்தினால் கலவை ஆறிவிடும், ஆறிய கலவையைப் போட்டால் ஜல்லி பெயரும். ஆகவே மூன்றரைக்குள் கடைசி லோடு உருண்டு முடியும்படி, கலவை ஆலையிலிருந்து அதற்கேற்ப முன்பே கிளப்புங்கள். இல்லையென்றால் விடுமுறை நாளில் போடுங்கள்.

சாலையைத் திறக்கும் வாரம்

மிக ஆபத்தான வாரம் இதுதான். கறுப்பாக, வழவழப்பாக, கோடு இல்லாத அகலச் சாலை. குறியீடு ஒரு மாதம் கழித்து வரும் என்று திறந்துவிடுகிறார்கள். தார் போட்ட அன்றே தற்காலிக ரப்பர் வேகத்தடை, பள்ளிப் பலகை, கொடி ஆள் இருக்கட்டும்.

நிரந்தரமாக வேண்டியவை: வாசலுக்கு நேரே இல்லாமல் சற்றுத் தள்ளி, பிள்ளைகள் இயல்பாகக் கடக்கும் இடத்தில் வரிக்கோடு (ஜீப்ரா கோடு). அதை 10 செ.மீ. உயர்த்திய மேடையாகவே அமைத்தால் சாயம் அழிந்தாலும் வண்டி மெதுவாகும். வட்ட வேகத்தடையென்றால் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்துக்கு. அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தாகப் போடும் கட்டைத் தடைகள் இரு சக்கர வண்டியைக் கவிழ்க்கும். வாசலுக்கு நேர் எதிரே 6 முதல் 10 மீட்டர் கம்பித் தடுப்பு, மணி அடித்ததும் பிள்ளைகள் நேராகச் சாலையில் பாயாதிருக்க.

நான்கு வழியாக்கி நடுவே மீடியன் வந்தால், கடக்கும் இடத்தில் அது 2 மீட்டர் அகலம் இருக்கட்டும். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் விலையில்லா சைக்கிளில் வருகிறார்கள், குறுகிய மீடியனில் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்கும். மீடியனில் அரளி நடும் வழக்கம் உண்டு. கடக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் முழங்கால் உயரத்துக்கு மேல் வளரும் எதுவும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரளிக்குப் பின்னால் நின்றால் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. பஸ் நிறுத்தம், வரிக்கோட்டைத் தாண்டி வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் நிற்கும் பஸ்ஸின் மறைவிலிருந்து பிள்ளைகள் வெளிப்படுவார்கள்.

கணக்கை முடிக்குமுன் முதல் நல்ல மழைக்குக் காத்திருங்கள். மழை பெய்யும்போதே குடையோடு போய் நில்லுங்கள். பள்ளி வாசலில் நீர் எங்கே தேங்குகிறது, வடிகால் வாய்க்குள் இறங்குகிறதா அல்லது தாண்டி ஓடுகிறதா, ஊருணிக்கு வரத்து வந்து சேர்கிறதா என்று பார்த்து, சுண்ணாம்புப் பொடியால் அல்ல, மழையில் அழியாத எண்ணெய்ச் சாயத்தால் இடத்தைக் குறியுங்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்களும் ஜே.சி.பி.யும் ஊரில் இருக்கும்போதே அவற்றைத் திருத்தி வாங்குங்கள்.